அந்தச் சிவப்புக் கார் யாருடையது

மகளே,

காரை விற்க விளம்பரம் போடப் போவதாக நேற்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் முன்னால் நின்று, "கேட்டீங்களா? இப்ப சந்தோஷமா?" என்றாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் உன் பழைய மேசையில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, விடுங்கப்பா" என்று இரண்டு வார்த்தையில் என்னைத் தப்பிக்க விட்டுவிடுவாய். இந்தத் தடவை நான் தப்பிக்கக் கூடாது. உனக்கு அனுப்புவதோடு பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். போட்டால் போடட்டும். நான் பொய் சொன்னது பத்துப் பேருக்கு முன்னால். உண்மையை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

நாலு மாதமாகக் கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறாய். நான் குடையோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன். "கார் எங்கம்மா?" என்றால், "சர்வீஸ்ல இருக்குப்பா" என்கிறாய். இருபத்தெட்டு வருடம் கண்டி டவுனில் ஸ்கூல் வேன் ஓட்டியவன் நான். எந்தச் சர்வீஸ் நாலு மாதம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே தலையாட்டினேன். நீயும் எனக்குத் தெரியும் என்று தெரிந்துகொண்டே சொன்னாய். இரண்டு பேரும் ஒரே குடைக்குள், ஆளுக்கொரு பக்கம் நனைந்துகொண்டு அம்பிட்டிய பஸ்ஸுக்கு நடந்தோம்.

அந்த வேனின் நெற்றியில் என்ன எழுதியிருந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீ பிறந்த மாதமே எழுத வைத்தேன். தர்ஷினி. மஞ்சளில் எழுதி, சிவப்பில் ஓரம் கட்டி. அண்ணன் பேரைப் போடவில்லையா என்று கேட்டவர்களிடம், "அவன் ஆம்பளப் புள்ள, அவனே போட்டுக்குவான்" என்றேன். எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள், "தர்ஷினி வேன் வந்துருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்! நீ முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்றம் வந்ததும் என்ஜின் சத்தத்தைக் கேட்டு, "அப்பா, இப்ப ரெண்டாவது போடுங்க" என்பாய். ஏழு வயது. நான் வேண்டுமென்றே மூன்றாவதிலேயே வைத்திருப்பேன். வேன் திணறும். உனக்குக் கோபம் வரும். எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை.

அதனால் நீ உத்தியோகத்துக்குப் போய் முதல் சம்பளத்திலேயே, "எனக்குக் கல்யாணத்துக்கு நகை சேர்க்காதீங்க, நான் கார் வாங்கப் போறேன்" என்றபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அம்மாவுக்குத்தான் தலையில் இடி. சாதாரணக் கார் இல்லை, இரண்டே இருக்கை, துணிக் கூரை, கையால் மாற்றும் ஆறு கியர். "மூணாவது ஆளு எங்க உக்காருவாங்க?" என்று அம்மா கேட்டாள். "மூணாவது ஆளு பஸ்ல வரணும்மா" என்றாய். வாகன இறக்குமதியை மூடி வைத்திருந்த வருடங்களில் பொறுமையாகக் காத்திருந்தாய். திறந்ததும் முதல் ஆளாகப் போய் எழுதிக் கொடுத்தாய். கார் வந்த அன்று கோயில் வாசலில் நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான். நீ கிளட்ச்சை விட்டு, நான்கும் ஒரே நேரத்தில் 'பொளக்' என்று நசுங்கியபோது குருக்களே சிரித்துவிட்டார். அன்றைக்கு இந்த ஊரில் என்னை விடப் பெருமையான தகப்பன் இருந்திருக்க முடியாது. அதை நீ நம்ப வேண்டும். பிறகு நான் செய்ததை வைத்து அதையும் பொய் என்று நினைத்துவிடாதே.

முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் நீ அந்த என்ஜினைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே! அதட்டக் கூடாது, ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டக் கூடாது, காலையில் ஸ்டார்ட் பண்ணிய உடனே மிதிக்கக் கூடாது. "புதுசுப்பா. உள்ளுக்குள்ள ஒவ்வொரு பாகமும் மற்றதோட பழகணும்" என்றாய். என் வேனை நான் குளிரில் உதைத்து எழுப்பி, அடுத்த நிமிடமே ஏற்றத்தில் விரட்டியவன். கடுகண்ணாவை இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டியவன். நீ எனக்குப் பாடம் எடுத்தாய். சனிக்கிழமை காலையில் டயர் சூடாகும் முன்னே காற்று பார்ப்பாய், அதற்கென்று சொந்தமாக ஒரு மீட்டர். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். மண் ஒட்டிய துணி மறுபடி பெயிண்டில் படவே கூடாது. நான் பிளேன்டீயோடு வாசலில் உட்கார்ந்து, "கல்யாணப் பொண்ணைக் கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டாங்க" என்று கேலி பண்ணுவேன். ரோடே நின்று பார்க்கும். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு, கன்னத்தில் கிறீஸோடு நீ சிரிக்கிற ஒரு படத்தை நான்தான் எடுத்தேன். அந்தப் படம் பின்னால் மறுபடி வரும்.

மாத்தளைச் சம்பந்தம் வந்தது நீ ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் சிங்கப்பூர் போகிறதற்கு முந்தின கிழமை. பையன் இன்ஜினியர், நல்ல குடும்பம். நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசிப் பார்த்தீர்கள். பேசி முடித்து நீ அறையை விட்டு வந்தபோது உன் முகத்தைப் பார்த்தே அம்மா பாயசத்துக்குச் சேமியா வாங்கச் சொன்னாள். நீ என்னிடம் கார்ச் சாவியைக் கொடுத்தாய். நாலு நாளுக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் ஓட்டுங்க, ஈரத்தோட மூடாதீங்க, மெதுவா எடுங்க. இவ்வளவுதான் நீ கேட்டது.

நீ போன மூன்றாம் நாள், சம்பந்தம் கொண்டுவந்த அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், என் மச்சான், வீட்டுக்கு வந்தார். வாசலில் காரைப் பார்த்தார். சுற்றி வந்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"மச்சான், இது புள்ள பேர்லயா இருக்கு?"

"ஆமா. பதிவுப் புத்தகத்துல அவ பேருதான்."

"நல்லதுக்குச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பொண்ணு பார்க்க வர்றதுக்கு முந்தி அவங்க வந்து அக்கம் பக்கம் விசாரிப்பாங்க. ரெண்டு சீட்டுக் கூரை இல்லாக் கார்ல பொண்ணு சுத்துதுன்னு தெரிஞ்சா, அடக்க ஒடுக்கமான புள்ளன்னு நாம எப்படிச் சொல்றது? கொஞ்ச நாளைக்கு எங்கயாச்சும் மறைச்சு வைங்க. தாலி ஏறட்டும், அப்புறம் ஏரோப்பிளேனே ஓட்டட்டும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது நூறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். "வெளியே போங்க" என்பதில் தொடங்கி எல்லாமே நன்றாக இருக்கிறது. அன்றைக்கு நான் சொன்னது, "ஆமா மச்சான், நீங்க சொல்றதும் சரிதான்." உனக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது என்ற பயம் எனக்கு. அம்மாவிடம் கூட ஒளித்த பயம் அது. மகளின் வயது ஏற ஏற, கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பயந்து கடைசி வரிசைக் கதிரையில் போய் உட்கார ஆரம்பித்திருந்தேன். பயந்தவனுக்கு யார் யோசனை சொன்னாலும் அது நல்ல யோசனைதான்.

அன்றைக்கே காரை எடுத்தேன். பிலிமத்தலாவையில் என் சிநேகிதர் ஒருவரின் மாட்டுத் தீவனக் களஞ்சியம் இருக்கிறது. அம்பிட்டியவிலிருந்து இறங்கி, வாவியைச் சுற்றி, பேராதனை தாண்டி ஓட்டினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. கியர் விரல் நுனிக்கு விழுகிறது. வளைவில் கார் என்னைக் கேட்காமல் தானே திரும்புகிறது போலிருந்தது. திருடிக்கொண்டு போகிறவனுக்கு அவ்வளவு சந்தோஷம் ஆகாது. களஞ்சியத்து வாசலில் செங்குத்தான ஒரு சீமெந்துச் சரிவு. உன் கார் தாழ்ந்தது, மூலைவாட்டில் மெதுவாக ஏற வேண்டும் என்று நீ சொல்லித் தந்திருக்கிறாய். நான் வேனை ஏற்றுகிற மாதிரி நேராக ஏற்றினேன். முன்னால் அடியில் 'கறக்' என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பார்க்கவில்லை. தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் விட்டு, அங்கே லொறியை மூடும் அழுக்குப் படங்கை இழுத்து, மழை ஈரத்தோடே மூடினேன். அதற்குப் பிறகு ஒரு நாள் கூடப் போய் ஸ்டார்ட் பண்ணவில்லை.

திரும்பி வரும்போது சந்திக் கடையில் இறங்கி முதலாளியிடம், "யாராச்சும் வந்து கேட்டா, அந்தச் சிவப்புக் கார் எங்க மூத்தவன் வாங்கினதுன்னு சொல்லுங்க" என்றேன். அண்ணன் கட்டாரில் இருக்கிறான். கார் வாங்கியது அவனுக்கே தெரியாது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "சரி அண்ணே" என்றார்.

இரவு நீ வீடியோவில் கூப்பிட்டு, "கார் எப்படி இருக்குப்பா?" என்றாய். பின் மதில் மழையில் ஊதிப்போய் சரிகிற மாதிரி நிற்கிறது, அதனால் பத்திரமான இடத்தில் விட்டிருக்கிறேன் என்றேன். கண்டி மழையில் மதில் சரிவது புதினமா? நீ நம்பினாய். நம்பியது மட்டுமில்லை. "நல்ல வேலை செஞ்சீங்க. நீங்க இருக்கிறதாலதான்பா எனக்குப் பயமில்ல" என்றாய். போனை வைத்த பிறகு அம்மா என்னைப் பார்த்தாள். நான் மதிலைப் பார்க்கப் போகிறவன் போல டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், ஒரு பிழையும் இல்லாத மதிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ சனிக்கிழமை வந்திறங்கினாய், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. பையன் கதிரை நுனியில் உட்கார்ந்து, அடிக்கடி ஜன்னல் வழியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சம் என்று நினைத்தேன். நீ தேத்தண்ணித் தட்டோடு வந்தாய். அப்போது பார்த்துப் பையனின் அம்மா சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க வாசல்ல ஒரு சின்ன சிவப்புக் கார் நிக்கும்னாங்களே, காணோம்?"

"அதுவா? அது எங்க மூத்தவன் வாங்கினதுங்க. கட்டார்லருந்து காசு அனுப்பி வாங்கினான். இப்ப சர்வீஸ்ல நிக்குது."

மகளே, ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். தடுமாறவே இல்லை. பொய்க்கு இவ்வளவு சரளமான வாய் எனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ என்னைப் பார்த்தாய். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பத்துப் பேர் முன்னால் என் முகம் விழுந்திருக்கும். நீ சொல்லவில்லை. குனிந்து, முதல் கோப்பையை அந்த அம்மாவுக்குக் கொடுத்தாய். ஏழு வருடம் மற்றப் பிள்ளைகள் மாதிரி ஊர் சுற்றாமல், நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொள்ளாமல் சேர்த்து வாங்கியதை, உன் தகப்பன் உன் கண்ணுக்கு முன்னாலேயே எடுத்து அண்ணனுக்குக் கொடுத்தான். நீ அவனுடைய மானத்தைக் காப்பாற்றினாய்.

அவர்கள் போனதும் நீ நேரே பின்பக்கம் போனாய். மதிலில் கையை வைத்துப் பார்த்தாய். "மதில் நல்லாத்தானே இருக்கு, அப்பா" என்றாய். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தகப்பன்மாருக்குத் தெரிந்த வித்தை அது. நீ அதற்கும் இடம் தரவில்லை.

பிலிமத்தலாவைக்கு இரண்டு பேருமாகப் போனோம். படங்கைத் தூக்கினாய். உள்ளே ஒட்டியிருந்த மண் பெயிண்டில் தேய்ந்து, கதவு முழுக்கக் கீறல். துணிக் கூரையில் பச்சையாகப் பூஞ்சணம். சாவியைத் திருப்பினாய், சத்தமே இல்லை. முன் மூடியைத் திறந்தபோது என்ஜினுக்கு மேல் தவிடும் சாக்கு நாரும் வைத்து எலி கூடு கட்டியிருந்தது. வயர்களைக் கடித்துத் துப்பியிருந்தது. தீவனக் களஞ்சியத்தில் எலி இருக்கும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அறுபத்தாறு வயது டிரைவருக்குத் தெரியவில்லை. நீ முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொரு நாராகக் கையால் எடுத்துப் போட்டாய். பிறகு முன்னால் குனிந்து அடியில் இருந்த உரசலைத் தடவி, "கிளம்புறதுக்கு முந்தி நான்தான் எங்கயோ இடிச்சிருக்கேன், கவனிக்கல" என்று உன்னையே திட்டிக்கொண்டாய். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அது நீ இல்லை. நான்.

இதெல்லாம் உனக்குப் பாதி தெரியும். தெரியாதது இனித்தான். மாத்தளையிலிருந்து பதில் வரவில்லை. மூன்று கிழமை கழித்து மச்சான், "வேண்டாங்கிறாங்க" என்றார். அன்று நான் உன்னிடம் சொன்னதை இங்கே எழுத என் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "அந்தக் கார்தான் உன் வாழ்க்கையைக் கெடுத்துச்சு. யாரோ சொல்லிட்டாங்க. நான் எவ்வளவு மூடி மறைச்சும் நிக்கல." வயர்களை மாற்றித் திருத்தி வைத்திருந்த காரை நீ மறுநாளே கொழும்புக்கு எடுத்துப் போனாய். அதற்குப் பிறகு ரயில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கண்டியில் ஒரு கல்யாண வீட்டில் மாத்தளைப் பையனின் அம்மாவைச் சந்தித்தேன். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுகம் விசாரித்துவிட்டு, "மகள் கார் ஓட்டுதாங்க இப்பவும்?" என்றார்.

"உங்களுக்கு எப்படிங்க..."

"எங்களுக்கு அன்னைக்கே தெரியுங்க. சக்கரத்தைக் கழட்டிக்கிட்டு சிரிக்கிற படம் ஒண்ணைப் புள்ள போன்ல போட்டிருந்துச்சே, எங்க மகன் அதைக் காட்டித்தான், 'அம்மா, ஓட்டுறது மட்டுமில்ல, பார்த்துக்கவும் தெரிஞ்ச பொண்ணு'ன்னான். காரையும் பார்க்கலாம்னு ஆசையா வந்தான் அவன்."

"அப்புறம் ஏங்க வேண்டாம்னீங்க?"

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "மனசுல வச்சுக்காதீங்க. பொண்ணு உழைச்சு வாங்கினதைப் பெத்தவரே மகன் வாங்கினதுங்கிறாரு. பொண்ணும் வாயத் திறக்கல. இந்த வீட்ல வேற என்னென்ன மறைப்பாங்களோன்னு எங்க வீட்டுக்காரரு பயந்துட்டாரு. மகன் நாலு நாள் சண்டை போட்டான். அவரு கேக்கல."

"தம்பிக்கு இப்ப..."

"நிச்சயம் பண்ணியாச்சுங்க. ஆவணியில கல்யாணம்."

கேட்டுக்கொள் மகளே. உன் கார் இல்லை. நான். காரைப் பார்த்து வந்தவர்கள் என்னைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். என் மானத்துக்காக நீ வாயை மூடிக்கொண்டு நின்றாயே, அந்த மௌனத்தையும் உன் குற்றக் கணக்கில் எழுதிவிட்டார்கள். எழுத வைத்தவன் நான். அந்தப் பையனோடு பேசிவிட்டு நீ அறையை விட்டு வந்த முகத்தை நான் இனி எங்கே போய்த் தேடி எடுத்து வருவேன்? மன்னிப்புக் கேட்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று உடனே சொல்லிவிடாதே. நீ சொல்லிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் வைத்திருந்து, மெதுவாகச் சொல். முடியாவிட்டால் சொல்லாமலே இரு.

அன்று மத்தியானம் பஸ்ஸில் வந்து நேரே சந்திக் கடையில் இறங்கினேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அந்தச் சிவப்புக் கார் என் மகனோடது இல்ல. என் மகள் தர்ஷினியோடது. அவளே உழைச்சு வாங்கினது. உங்களைப் பொய் சொல்ல வச்சது நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. முதலாளி தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும் அண்ணே. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்தப் புள்ள கழுவுறத இந்த ரோட்ல பார்க்காத ஆள் யாரு? உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. இந்த ஊரில் அந்தக் கார் யாருடையது என்று தெரியாத மாதிரி நடித்தது நான் ஒருவன் மட்டும்தான்.

உனக்கே வேண்டாம் என்று தோன்றினால் விற்றுவிடு, உன் பொருள், உன் இஷ்டம். ஆனால் அது உன் வாழ்க்கையைக் கெடுத்தது என்று நான் சொன்னதை நம்பி விற்காதே. நேற்று மேசன் வந்து நம் வீட்டுக் கேட் வாசலில் இருந்த சரிவை உடைத்து, நீளமாகத் தாழ்த்திச் சீமெந்து போட்டிருக்கிறார். மூக்கு உரசாது. நானே ஒரு பலகையை வைத்துக் குனிந்து அளந்து பார்த்தேன், இந்தத் தடவை குனிந்து பார்த்தேன். இரண்டு வாளியையும் கழுவி வைத்திருக்கிறேன். கடையில் நிற்கிறவர்கள் பார்க்கட்டும், கூரையைத் திறந்தே வா.

வேனில் உன் பெயரை எழுதியபோது அது என் வண்டி. அதனால் எனக்குச் சுலபமாக இருந்தது. உன் வண்டிக்கு உன் பெயரைச் சொல்லத்தான் எனக்கு நெஞ்சு இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை நான் குடையோடு ஸ்டேஷனுக்கு வர மாட்டேன். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

அப்பா